முதல் பாகம் இல்லாத குட்டிப் பேய்கள்

ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் நான் அதன் கதவைத் தட்டுவேன். தட்டிவிட்டு ஒரு மூச்சு நின்று, அதன்பிறகே கைப்பிடியைத் தொடுவேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் நடக்க இடமில்லாத அளவு புத்தகம் சேர்த்திருக்கிறேன். கூப்பிட்ட கல்லூரிக்கெல்லாம் போய் மூடநம்பிக்கையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு வருகிறேன். அப்படிப்பட்டவள் ஒரு கிண்ணம் தயிருக்காக இரும்புப் பெட்டியிடம் அனுமதி கேட்டு நிற்பதை என் கணவர் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னைக்காவது உள்ளேருந்து யாருன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவ?" என்று ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் தயிரில்லாமலே சாப்பிட்டேன்.

நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பயம் இருக்கிறது. ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு, இன்னொருவருக்கு மருமகள். என்னுடையது கொஞ்சம் மலிவான சரக்கு. ரப்பரில் செய்தது, முதுகில் ஜிப் வைத்தது. வீடியோ டெக் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்ல வருகிறேன். நம் பிள்ளைகளிடம் சொன்னால் டெக்கை விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தென்காசியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே என் சிநேகிதியின் வீடு. அவளுடைய வாப்பாவை நான் மாமா என்பேன், உம்மாவை மாமி என்பேன். மாமா சவுதியில் ஏதோ ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை லீவில் வருவார். அவர் வந்ததும் சிநேகிதி வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். வெட்கம் தெளிந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "வாப்பா" என்று கூப்பிட ஆரம்பிக்கிற சமயத்தில் அவருடைய லீவு முடிந்துவிடும். அடுத்த முறை மறுபடியும் கதவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்குப் பத்து, பதினொன்று வயதிருக்கும். அந்த வருடம் குற்றாலச் சாரல் தொடங்கிய கையோடு மாமா வந்தார். டி.வி. வந்தது, டெக் வந்தது. தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜும் அந்த வாரமே கடையிலிருந்து வந்து இறங்கியது. கூடவே ஒரே ஒரு கேசட். நல்ல சண்டைப் படமாகப் பார்த்து ஒன்று கொடு என்று சவுதி அறையில் கூட இருந்தவரிடம் கேட்டிருக்கிறார். அந்த நல்லவர் கொடுத்தது குட்டிப் பேய்கள் நடித்த ஓர் ஆங்கிலப் படம். அட்டையில் பேருக்குப் பக்கத்தில் இரண்டு என்று போட்டிருந்தது.

ஆளில்லாத சாலையில் ஒரு பழைய லாட்ஜ். அதன் அடுப்படியில் ஒரு ஃபிரிட்ஜ். அதற்குள்ளிருந்து பச்சை நிறத்தில், பூசணிக்காய் உயரத்தில் குட்டிப் பேய்கள் இறங்கி வருகின்றன. பெரிய கொலைகாரப் பேய்கள் என்று சொல்ல முடியாது. தங்க வந்தவர்களின் ஷூ லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து விடும், கிழவரின் பல்செட்டை சூப்பில் போடும், குளிக்கிறவனுக்கு வெந்நீரை நிறுத்தும். ஒரு பேயின் முதுகில் ஜிப் தெரிந்தது. இன்னொன்று நடக்கும்போது தலைக்கு மேல் நூல் மின்னியது. மூன்றாவது நடக்கவே இல்லை, ஆனால் காட்சிக்குக் காட்சி வேறு இடத்தில் இருந்தது. எனக்கு அதைக் கண்டால்தான் குலை நடுங்கியது.

பெரிய சிக்கல், அது இரண்டாம் பாகம். படத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. சுவரில் தொங்கிய மீசைக்காரர் படத்தைப் பார்த்துக் கதாநாயகி தேம்பித் தேம்பி அழுதாள். அவர் யார், எப்படிச் செத்தார், ஃபிரிட்ஜை ஏன் யாரும் தூக்கி எறியவில்லை, ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை அப்படியே விட எனக்கு அந்த வயதிலேயே முடியாது. சிநேகிதிக்கு நான் முதல் பாகத்தைச் சொன்னேன். மீசைக்காரர்தான் லாட்ஜின் பழைய சமையல்காரர். பேய்கள் குளிரில் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒருநாள் அவசரத்தில் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டார். தட்டிவிட்டுத் திறந்தால் அவை மூலைக்குப் போய் ஒளிந்துகொள்ளும், தட்டாமல் திறந்தால் வெளியே வந்துவிடும். இவ்வளவையும் ஒரே மூச்சில், மாமி கொடுத்த ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அதக்கியபடி சொல்லி முடித்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மாமி வீட்டு ஃபிரிட்ஜைத் தட்டாமல் திறந்ததில்லை.

"ஏட்டி, பொட்டிய என்னத்துக்குத் தட்டுதிய? உள்ள வாடகைக்கு ஆரும் இருக்காவளா?" என்பார் மாமி.

கவனியுங்கள். அந்த விதியைச் செய்தது நான். செய்தவள் நான் என்று தெரிந்தும் இன்றுவரை அதற்குக் கட்டுப்படுகிறவளும் நான்.

மாமா அந்த முறை ஓரிடத்தில் உட்காரவில்லை. லீவில் வந்தவர்கள் சாய்வு நாற்காலியில் கிடந்து எல்லோருக்கும் சோப்பும் சென்ட்டும் கொடுப்பதுதான் எங்கள் தெரு வழக்கம். இவர் ஜன்னலைத் திறப்பார், மூடுவார். குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார், பார்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டேயிருக்கும். தென்காசிப் பெரிய கோயில் வாசலில் அடிக்கிற பேய்க்காற்று கிழக்கே தெருமுனை வரைக்கும் வந்து கதவுகளை அடித்துச் சாத்துகிற மாதம் அது. மாமாவும் அந்தக் காற்றும் ஒரே வீட்டில் இருந்தால் கேட்க வேண்டுமா?

ஒரு மத்தியானம் மீன் ஆணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "குத்தாலத்துக்கு சீசனுக்கு வாரவன் எம்புட்டு நேரம் குளிப்பான்? குளிச்சு முடிச்சுட்டு என்ன செய்வான்?"

"திம்பான்" என்றார் மாமி.

"தின்னுட்டு?"

"தூங்குவான்."

"தூங்க மாட்டான். படம் பாப்பான். ஐந்தருவி ரோட்டுல ஒங்க அண்ணன் தேங்கா மட்டை அடுக்கிப் போட்டிருக்காவள்லா ஒரு தகரக் கொட்டகை, அதக் கேட்டுட்டேன். டி.வி.யும் டெக்கும் அங்கன கொண்டு போயிருவோம். இந்த சீசன் நல்லா ஓடுச்சுன்னு வையி, நான் திரும்பிப் போவல."

மாமி சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். சிநேகிதி என் பாவாடை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் கதவை விட்டு முழுதாக வெளியே வராத நாட்கள் அவை.

வடகரையிலிருந்து மாமியின் அண்ணன் ஆளனுப்பி மட்டைகளை ஒதுக்கிக் கொடுத்தார். எவ்வளவு பெருக்கியும் ஈர நார் வாசனை போகவில்லை. எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களின் எண்ணெய் நெடி, எதிர்க்கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற மணம், நனைந்த துண்டுகளின் வாடை, எல்லாம் தகர இடுக்கு வழியே உள்ளே வந்து நாரோடு கலந்துகொண்டன. இன்றும் யாராவது கயிற்றுக் கட்டிலை மழையில் விட்டுவிட்டால் எனக்குப் பச்சை நிறத்தில் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும்.

விளம்பரப் பலகையில் பேய்களைவிடப் பெரிதாக 'இரண்டாம் பாகம்' என்று எழுதவைத்தார் மாமா. "ரெண்டாவது எடுத்திருக்கான்னா மொதலாவது நல்லா ஓடியிருக்குன்னுதானே அர்த்தம்? சனங்க புரிஞ்சுக்கிடும்" என்றார். சனங்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். ஆலங்குளத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அண்ணாச்சி, இடுப்பில் ஈர வேட்டி, தலையில் துண்டு, பலகையை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"மொதப் பாகம் எப்பம் போட்டிய?"

"போடல அண்ணாச்சி. ரெண்டுதான் இருக்கு."

"அப்பம் பாதிப் படத்துக்குக் கூப்பிடுதியளா?"

"இது தனிக் கதை அண்ணாச்சி."

"தனிக் கதைன்னா ரெண்டுன்னு என்னத்துக்குப் போட்டிருக்கு?" என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை. குடும்பம் சிப்ஸ் கடைப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கே விளங்காதிருந்த கேள்வி அது.

சில நாட்கள் அப்படியே போயின. பெஞ்சுகளில் நாங்களும், மழைக்கு ஒதுங்கிய ஒரு நாயும். அப்போதுதான் சிநேகிதி முதன்முறையாக வாப்பாவின் முகத்துக்கு நேராக நின்று பேசினாள்.

"வாப்பா, மொதப் பாகம் இவளுக்குத் தெரியும்."

மாமா என்னைப் பார்த்தார். "எங்கன பாத்த மவளே?"

"பாக்கல மாமா."

"பின்ன?"

"தெரியும்."

தலையைச் சொறிந்தார். பிறகு டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "ஏறு" என்றார். மறுநாள் பலகையில், 'முதல் பாகம் நேரில் சொல்லப்படும்' என்று ஒரு வரி கூடியிருந்தது.

ஏறினேன். சமையல்காரருக்கு ஒரு பெண்டாட்டி சேர்ந்தாள். லாட்ஜ் முதலாளிக்கு ஒரு நொண்டிக் கால் வந்தது. கதவைத் தட்டுகிற இடத்தில் சிநேகிதி பெஞ்சுக்கடியிலிருந்து தகரத்தைத் தட்டுவாள். பேய் இறங்குகிற இடத்தில் அவளுடைய பென்சில் டப்பா ஜிப்பை 'சர்ர்' என்று இழுப்பாள். எங்களைப் பொறுத்தவரை பேய் வருகிற சத்தம் அதுதான். நான் முடித்ததும் மாமா டெக்கைத் தட்டிவிடுவார்.

இரண்டாவது நாளே மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது நாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. ஈரத் தலைகளும், முந்தானைக்குள் குழந்தைகளும், பஜ்ஜிப் பொட்டலங்களுமாக ஒரே புழுக்கம். அதற்கடுத்த நாளும் அப்படியே. மாமா என் தலையில் கை வைத்து, "எல்லாம் இந்த மொதப் பாகத்துனாலதான்" என்றார். நான் மறுக்கவில்லை. அந்த வயதிலும் பாராட்டை மறுக்கிற பழக்கம் எனக்கில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, "நான் போவல" என்றார் மாமியிடம்.

"டிக்கெட்டு?"

"கெடக்கட்டும்."

"ரெண்டு நாள் கூட்டத்தப் பாத்துச் சொல்லுதிய."

"கூட்டத்தப் பாத்துத்தானே சொல்ல முடியும்?"

அடுத்த நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து "வாப்பா! எஞ் செருப்பக் காணல வாப்பா!" என்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். செருப்பு அவள் காலிலேயே இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அதற்கு மறுநாள் வெயில் வந்தது.

வெயில் வந்தால் குற்றாலத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அருவி அளவாக விழும், ஆசை தீரக் குளிக்கலாம். எல்லோரும் ஆசை தீரக் குளித்தார்கள். கொட்டகைக்குள் நாய் திரும்பி வந்தது. மாமாவின் முழங்கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது. பலகையை ரோட்டுக்கு இன்னும் பக்கமாக நகர்த்தினார். பேய்க்குச் சிவப்பு நாக்கு வரையவைத்தார். "பேயக் கொஞ்சம் கூட்டிச் சொல்லு மவளே" என்று என்னிடம் கெஞ்சினார். கூட்டிக் கூட்டி என் லாட்ஜில் மனிதர்களைவிடப் பேய்கள் அதிகமாகிவிட்டன.

உண்மையைச் சொன்னவர் எதிரே சிப்ஸ் பொரிக்கிற அக்கா. கரண்டியால் எண்ணெயை வடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, வெள்ளம் வந்து அருவியில குளிக்கக் கூடாதுன்னு போலீசு விசில் ஊதுனாத்தான் ஒங்க கொட்டகைக்கு ஆள் வருது. விசில நிறுத்துனா எல்லாரும் தண்ணிக்குள்ள. எனக்கு இங்கன இருந்து பாத்தா தெரியுதுல்லா" என்றார்.

மாமா சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். "அந்தப் புள்ளைக்கு யாவாரப் பொறாமை" என்றார். ஆனால் சிநேகிதிக்கும் எனக்கும் விஷயம் உறைத்துவிட்டது. நாங்கள் தினமும் மொட்டை மாடியில் ஏறி மேற்கே மலையைப் பார்க்க ஆரம்பித்தோம். உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறதா, கறுக்கிறதா, நகர்கிறதா? ஒரு நிமிடம் நிற்க முடியாது. இறங்குவோம், மறுபடி ஏறுவோம். ஊரெல்லாம் அருவி நல்லபடியாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நாட்களில், அவள் அல்லாவிடமும் நான் பிள்ளையாரிடமுமாக, ஆளையே அடித்துப்போகிற மாதிரி வெள்ளம் வர வேண்டினோம். ஆள் யாரும் குளிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே வேண்டினோம். நாங்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை.

இரண்டு பேரில் யாருக்குக் காது கேட்டதோ, மாமாவின் லீவு முடிகிற வாரம் மலை மொத்தமாகக் கறுத்தது. விடியும்போதே தென்காசியில் தூறல். குற்றாலத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர், தண்ணீர் அருவிக்கு முன்னாலுள்ள வளைவைத் தாண்டிப் பாய்கிறது, எல்லா அருவியிலும் தடை என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா சட்டையை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். "இன்னைக்கு நீயும் வா" என்றார் மாமியிடம். மாமி அதுவரை கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. ஒரு தூக்குச் சட்டியைச் சேலைக்குள் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

கேசட்டுக்குச் சாரல் ஆகாது, பூசணம் பிடித்துவிடும். அதனால் கொட்டகையில் வைக்காமல் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் தலைமேல் சூட்டில் வைப்பார் மாமா. திரும்பக் கொண்டுபோவது டெக் துடைக்கிற துணிகளோடு ஒரு துணிப்பைக்குள். அன்றைக்கு மாமியும் வருகிற விசேஷத்தில், விமான நிலையக் கடையில் கொடுத்த மஞ்சள் பாலித்தீன் பையை எடுத்திருந்தார். பளபளவென்று இருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். கொட்டகை வாசலில் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, மழைக்கோட்டுக்குள் சிரித்துக்கொண்டே, பையை ஒற்றை விரலில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே போனார் மாமா.

குற்றாலத்துக்கு அக்கம்பக்கத்தில் பிறந்த யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். பேசத் தெரியாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கே பையென்றால் அக்குளில் இடுக்க வேண்டும், சட்டைக்குள் போட வேண்டும், முந்தானையால் மூட வேண்டும். பை தொங்கினால் அது குரங்குக்கு. அதிலும் பாலித்தீன் சரசரத்தால் அது அழைப்பு மணி. எங்களைச் சுற்றி நடந்த அத்தனை உள்ளூர்க்காரர்களின் கையும் காலியாக இருந்தது. மாமாவின் விரல் மட்டும் மஞ்சளாக ஆடியது.

காது கிழிந்த ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு. அவசரப்படக்கூட இல்லை. சுவரிலிருந்து இறங்கி, பக்கத்தில் நடந்துவந்து, வரிசையில் நின்று வாங்குகிறவர் மாதிரி பையை வாங்கிக்கொண்டு மருத மரத்தில் ஏறிவிட்டது. பையைக் கிழித்தது. கேசட்டை முகர்ந்தது, கடித்தது, துப்பியது. பிறகு மூடியைத் திறந்து உள்ளேயிருந்த நாடாவை ஒரு விரலால் இழுத்தது. வந்தது. இன்னும் இழுத்தது. இன்னும் வந்தது. அதற்குப் பரம திருப்தி. கிளைக்குக் கிளை தாவித் தாவி இழுக்க, குட்டிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, குட்டிப் பேய்களும் லாட்ஜும் மீசைக்காரரும் பழுப்பு நிறத்தில் மரமெங்கும் தோரணமாகத் தொங்கினார்கள். சாரலில் நாடா மின்னியது. சொல்ல வெட்கம்தான், ஆனால் பார்க்க அழகாக இருந்தது.

மாமி மெதுவாகத்தான் கேட்டார். "குத்தாலத்துல பைய வெரல்ல தொங்கப் போட்டுட்டு நடக்குறதுக்கு, நீங்க என்ன வெளியூர்க்காரவியளா?"

வழக்கமான ஏச்சுத்தான். அவர் வழக்கம்போலச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மழையில் நின்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேசட் போன துக்கம் என்று நினைத்தோம். மாமியும் அப்படித்தான் நினைத்தார்.

வாசலில் கூட்டம் சலசலத்தது. எல்லோரையும் போகச் சொல்லிவிடலாம் என்று மாமா கையைத் தூக்கினார். அதற்குள் சிநேகிதி என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "ஏறுட்டி. ரெண்டையும் சொல்லு."

ஏறினேன். முதல் பாகம் சொன்னேன். அது முடிந்ததும் நிறுத்தாமல் இரண்டாம் பாகம். தகரக் கூரையில் மழை இடித்தது, நான் அதற்கு மேல் கத்தினேன். சிநேகிதி தகரம் தட்டினாள், ஜிப் இழுத்தாள், கிழவரின் பல்செட்டாகப் பற்களைக் கடகடத்தாள். நடுவில் மாமா உள்ளே வந்து, கேசட் இல்லாமலே டி.வி.யைப் போட்டுவிட்டார். வெறும் வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. அந்த வெளிச்சம் திறந்த ஃபிரிட்ஜின் வெளிச்சமாக என் முகத்தில் விழுந்தது. முன்பெஞ்சில் ஆலங்குளத்து அண்ணாச்சி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். படத்தில் கடைசியில் லாட்ஜ் முதலாளி சாவியை எறிந்துவிட்டுக் காரில் போய்விடுவார். நான் அவரைப் போகவிடவில்லை. கார் கிளம்பவில்லை, பேய்கள் டயரைக் கடித்துவிட்டன, அவர் திரும்பி வந்து கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார், அங்கேயே இருந்துவிட்டார் என்று முடித்தேன். பின்சுவர் பக்கம் பார்த்தேன். மாமா சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

அந்த வாரமே மாமா போய்விட்டார். வேறு கேசட் வாடகைக்குக் கிடைக்காத ஊரில்லை தென்காசி. மாமியின் அண்ணன்கூட வந்து சொல்லிப் பார்த்தார். "இல்ல மச்சான், இங்கன எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்று மட்டும் சொன்னார் மாமா. பஸ் நகர்ந்த பிறகு சிநேகிதி ஒரே ஒரு முறை சத்தமாகக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நிற்கவில்லை. நாடா சீசன் முடிகிறவரை மருத மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது.

என் மகள் போன வருடம் போனில் துழாவி அந்தப் படத்தின் முதல் பாகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கதை ஒரு கப்பலில் நடக்கிறதாம். சமையல்காரர் இல்லை, ஃபிரிட்ஜே இல்லை. பார்க்கிறாயா என்றாள். வேண்டாம் என்றேன். என்னுடையது நன்றாக இருந்தது.

மாமா சவுதியை முடித்துக்கொண்டு வந்து பல காலமாகிறது. சிநேகிதி இப்போது அவள் கணவரோடு கத்தாரில் இருக்கிறாள். அவள் லீவில் வரும்போது அவளுடைய பேத்தி கதவுக்குப் பின்னால் போய்விடுகிறாளாம். இந்தச் சாரலுக்குத் தென்காசி போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த ஃபிரிட்ஜ் இன்னும் இருக்கிறது. செத்துப் பல வருடமாகிறது, உள்ளே மாமி பழைய துணி வைத்திருக்கிறார். போர்வை எடுக்கச் சொன்னார். நான் தட்டினேன். மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த மாமிக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

அந்தச் சந்தோஷத்தில், நேர்காணல்களில் நான் வழக்கமாகச் சொல்வதை மாமாவிடமே நேரில் சொன்னேன். அந்த மரப்பெட்டியில்தான் நான் எழுத்தாளரானேன், அன்றைக்கு அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகாததால்தான் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழங்கால் இப்போது ஆடுவதில்லை.

"எப்படி மவளே போவான்? வெளியே அப்பிடி ஊத்துது. வாசல்ல கழத்திப் போட்ட செருப்பு பூராம் ஓடையில போயிட்டு. வெறுங்காலோட எங்கன போவான்?"